செத்த போர்டா, சிப் தகராறா? லினக்ஸ் கணினியில் மதர்போர்டு மக்கர்களை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

ஞாயிற்றுக்கிழமை காலை மைத்துனன் போன் செய்தான். "மாமா, எல்லாத்தையும் மாட்டிட்டேன். டெஸ்க்டாப்பும் வந்துடுச்சு. ஆனா வைஃபை இல்ல, கேபிள் சொருகினாலும் நெட் இல்ல. செத்த போர்டைத் தலையில கட்டிட்டாங்களா?"

போர்டு சாகவில்லை. கடையில் இருந்ததிலேயே புதிய போர்டை வாங்கியிருந்தான். அதில் இருப்பதிலேயே நிதானமான, பழைய கர்னலோடு (லினக்ஸின் மையப் பகுதி, டிரைவர்கள் இருப்பது அதில்தான்) வரும் லினக்ஸைப் போட்டிருந்தான். தனித்தனியே பார்த்தால் இரண்டுமே நல்ல தேர்வுதான். சேர்த்து வைத்தபோது இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

மதர்போர்டு என்பது பல கம்பெனிகளின் சிப்புகளைக் குடி வைத்திருக்கும் ஒரு வாடகை வீடு. பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பது வீட்டுக்காரர் பெயர். லினக்ஸுக்குப் பழக்கம் குடியிருப்பவர்களோடுதான். கேபிள் நெட்டுக்கான லேன் சிப் யாருடையது, வைஃபை கார்டு எது, ஆடியோ எந்த வழியாகப் போகிறது, ஃபேனை எண்ணுவது எந்த சிப் என்பவற்றைப் பொறுத்துத்தான் எல்லாம். ஒரே மாடலில் ரெவிஷன் எண் மாறும்போது வைஃபை கார்டும் மாறிவிடுவது உண்டு. அதனால் "இந்த பிராண்டு லினக்ஸில் ஓடுமா" என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. சிப் பெயரைச் சொன்னால் சொல்லலாம்.

கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையதைத் தேடுங்கள். இன்னும் போர்டு வாங்காதவர்கள் முழுதாகவே படித்துவிடலாம். இங்கே பழுதாக வருபவற்றில் பல, வாங்கும் முன் ஸ்பெக் ஷீட்டிலோ மேனுவலிலோ ஒரு வரியாக இருந்ததுதான்.

எதற்கும் முன்னால் இரண்டு விவரம்

முதலாவது கர்னல் எண். டெர்மினலில் 'யூநேம் -ஆர்' கொடுத்தால் வரும். இரண்டாவது சிப்பின் அடையாளம். அதற்கு 'எல்எஸ்பிசிஐ -என்என்கே'. (கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன். தட்டும்போது எல்லாம் சின்ன ஆங்கில எழுத்து. இடைவெளி இங்கே காட்டியிருக்கும் இடத்தில் மட்டும்.)

இரண்டாவது கட்டளை நீளமாகக் கொட்டும். பயப்பட வேண்டாம். ஒவ்வொரு சாதனத்துக்கும் பெயர், சதுர அடைப்புக்குள் இரட்டை எண், அதற்குக் கீழே எந்த டிரைவர் அதைக் கையாள்கிறது என்ற வரி. இரட்டை எண்ணின் முதல் பாதி கம்பெனி: 8086 என்றால் இன்டெல், 1022 ஏஎம்டி, 10இசி ரியல்டெக், 14சி3 மீடியாடெக். இரண்டாவது பாதி சிப். 10இசி:8125 என்று கண்டால் அது ரியல்டெக்கின் 2.5 கிகாபிட் லேன்.

இந்தப் பட்டியலில் சாதனமே இல்லை என்றால் அது பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) அணைக்கப்பட்டிருக்கிறது, அல்லது சரியாக மாட்டப்படவில்லை, அல்லது உண்மையிலேயே போய்விட்டது. யுஎஸ்பி வழியாக வருபவை மட்டும் இதில் வராது, அவற்றுக்கு 'எல்எஸ்யுஎஸ்பி' இருக்கிறது. சாதனம் இருக்கிறது, ஆனால் டிரைவர் வரி இல்லை என்றால், கர்னலுக்கு அந்த சிப்பைத் தெரியவில்லை. இரண்டுமே இருந்தும் வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் ஃபர்ம்வேர் கோப்பு (சிப்புக்குள் ஏற்ற வேண்டிய சின்ன மென்பொருள்), அமைப்பு, மின்சேமிப்பு இவற்றில் ஒன்று. முதல் ஐந்து நிமிடத்தில் இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு

இதில் லினக்ஸுக்குப் பங்கே இல்லை. ஆனாலும் அதிகம் பேர் போன் செய்வது இதற்குத்தான்.

ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் போர்டும் டிடிஆர்5 ராமும் என்றால் முதலில் பொறுமை. முதல் முறை ஆன் செய்யும்போது போர்டு ராமோடு பழகிக்கொள்ள சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரையில் எதுவும் வராது. பதறி பவர் பட்டனை அமுக்கினால் மறுபடி முதலிலிருந்து. ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், விளையாட்டாகச் சொல்லவில்லை.

டீ ஆறியும் படம் வரவில்லையா? சிபியூவுக்கான தனி 8 பின் ஒயர் சொருகியிருக்கிறதா பாருங்கள். 24 பின்னை யாரும் மறப்பதில்லை, மூலையில் இருக்கும் இதைத்தான் மறப்பார்கள். ராம் இரண்டு குச்சி என்றால் சிபியூ பக்கத்திலிருந்து எண்ணி 2, 4 ஆவது ஸ்லாட்டில் இருக்க வேண்டும். மானிட்டர் கேபிள் போர்டின் பின்பக்கம் சொருகியிருந்தால், சிபியூவுக்குள் கிராஃபிக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல்லில் பெயர் எஃப் என்று முடிந்தால் கிடையாது. ரைசன் 5 5600எக்ஸ் போன்றவற்றிலும் கிடையாது. ரைசன் 7000 வரிசையில் எஃப் இல்லாத டெஸ்க்டாப் சிப்புகளில் சின்னதாக ஒன்று உண்டு.

இதெல்லாம் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் பயாஸ். 2022 இல் வந்த பி650 (ஏஎம்5 க்கான சிப்செட்) போர்டு கடை அலமாரியில் தூங்கியிருக்கும். 2024 இல் வந்த ரைசன் 9000 சிப்பை அதன் பழைய பயாஸுக்கு அடையாளம் தெரியாது. சாக்கெட்டில் அழகாக உட்காரும், படம் வராது. ஏஎம்4 காலத்திலும் பி450 போர்டும் ரைசன் 5000 சிப்பும் இதே கூத்தை ஆடின. போர்டின் பின்புறம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால் தப்பித்தீர்கள். எஃப்ஏடி32 ஆக ஃபார்மேட் செய்த பென்டிரைவில் பயாஸ் கோப்பைப் போட்டு, குறிப்பிட்ட யுஎஸ்பி துளையில் சொருகி, பட்டனை அமுக்கினால் சிபியூவே இல்லாமல்கூட ஏறிவிடும். கோப்புக்கு என்ன பெயர் வைக்க வேண்டும் என்பது போர்டுக்குப் போர்டு மாறும், மேனுவலைப் பார்த்தே ஆக வேண்டும். பட்டன் இல்லாத போர்டு என்றால் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

நான் போர்டு பார்க்கும்போது வண்ண விளக்குகளுக்கு முன்னால் இந்தப் பட்டனைத்தான் தேடுவேன். லினக்ஸ்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸில் ஓடும் பயாஸ் அப்டேட் மென்பொருள் நமக்கு உதவாது. லேப்டாப்புகளுக்கு எஃப்டபிள்யூயுபிடி என்ற கருவி வழியாக லினக்ஸிலிருந்தே அப்டேட் வருவது போல, தனியாக வாங்கும் டெஸ்க்டாப் போர்டுகளுக்கு வருவது அபூர்வம். பென்டிரைவும் பயாஸ் மெனுவும்தான் கதி. யுபிஎஸ் இல்லாத வீட்டில், கரண்ட் போகும் நேரத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

இன்ஸ்டாலர் ஓடுகிறது, எஸ்எஸ்டியைக் காணோம்

பயாஸில் தெரிகிறது, இன்ஸ்டாலரில் தெரியவில்லை என்றால் இன்டெல் போர்டுகளில் விஎம்டி அல்லது ஆர்எஸ்டி என்ற அமைப்பைத் தேடி அணையுங்கள், அல்லது சேமிப்பு முறையை ஏஹெச்சிஐ என்று மாற்றுங்கள். எச்சரிக்கை: அதே எஸ்எஸ்டியில் ஏற்கெனவே விண்டோஸ் இருந்தால் இந்த மாற்றத்துக்குப் பிறகு அது நீலத் திரை காட்டும். விண்டோஸை முதலில் சேஃப் மோடில் ஏறும்படி அமைத்துவிட்டு அப்புறம் மாற்ற வேண்டும்.

பயாஸிலேயே தெரியவில்லை என்றால் எம்.2 ஸ்லாட்டைச் சந்தேகியுங்கள். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. உள்ளே ஓடுவது என்விஎம்ஈ ஆகவும் இருக்கலாம், சாட்டா ஆகவும் இருக்கலாம். என்விஎம்ஈ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் பழைய சாட்டா எம்.2 குச்சியைச் சொருகினால் இறுக்கமாக உட்காரும், உயிர் இருக்காது.

இதன் தலைகீழ்க் கதையும் உண்டு. இரண்டாவது எம்.2 வை மாட்டியதும் பழைய ஹார்டு டிஸ்க் மாயமாகிவிடும். பல போர்டுகளில், குறிப்பாகப் பி450, பி550 வகையில், இரண்டாவது எம்.2 ஸ்லாட்டும் சாட்டா 5, 6 துளைகளும் ஒரே வழித்தடத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்று விழித்தால் மற்றது தூங்கும். ஹார்டு டிஸ்க் ஒயரை சாட்டா 1 க்கு மாற்றினால் முடிந்தது. வீட்டில் ஃபைல் சர்வர் கட்டுகிறவர்கள் நாலைந்து டிஸ்க் போடுவார்கள், அவர்கள் மேனுவலில் இந்தப் பங்கீட்டு அட்டவணையைப் பார்க்காமல் போர்டு வாங்கக் கூடாது. மேனுவல் பிடிஎஃப் ஆக வாங்கும் முன்பே கிடைக்கிறது. நான் அதைப் படிக்காமல் ஒரு போர்டை வாங்கி, நாலு டிஸ்க்கில் இரண்டைத் தேடி ஒரு ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன்.

நெட் இல்லை

மைத்துனன் கதைக்கு வருவோம்.

முதல் உதவி: ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் சொருகி, போனில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். போனின் இணையம் கணினிக்கு லேன் கார்டு போலத் தெரியும். இதற்குத் தேவையான டிரைவர் பல ஆண்டுகளாகக் கர்னலில் இருக்கிறது. நெட் இல்லாமல் டிரைவர் இறக்க முடியாது, டிரைவர் இல்லாமல் நெட் வராது என்ற முடிச்சை அவிழ்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

அப்புறம் கணக்கு. ரியல்டெக்கின் 2.5 கிகாபிட் சிப்பான ஆர்டிஎல்8125 க்கு கர்னல் 5.4 இலேயே ஆதரவு வந்துவிட்டது. இன்றைக்கு எந்த டிஸ்ட்ரோவிலும் (டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகை) கவலையில்லை. ஆனால் எக்ஸ்870 வகைப் போர்டுகள் சிலவற்றில் இருக்கும் 5 கிகாபிட் ஆர்டிஎல்8126 க்கு 6.9 இல்தான் வந்தது. அதே போர்டுகளில் அடிக்கடி காணப்படும் வைஃபை 7 கார்டான மீடியாடெக் எம்டி7925 க்கு 6.7 வேண்டும். இப்போது டிஸ்ட்ரோ பக்கம் பாருங்கள். 2023 இல் வந்த டெபியன் 12 இன் கர்னல் 6.1. லேனும் இல்லை, வைஃபையும் இல்லை, மைத்துனன் மாட்டிக்கொண்டது இங்கேதான். உபுண்டு 24.04 முதலில் வந்தபோது 6.8. வைஃபைக்கு வழி உண்டு, லேனுக்கு இல்லை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 இல் 6.12, அங்கே இரண்டுக்கும் டிரைவர் உண்டு. மைத்துனன் போன் வழியாக நெட் கொடுத்து, பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து (பழைய டெபியனுக்குப் புதிய மென்பொருள் தரும் இடம்) புதிய கர்னலை ஏற்றி, மறுபடி பூட் செய்தான். கேபிள் விளக்கு எரிந்தது. உபுண்டு 24.04 வைத்திருப்பவர்கள் புதிய வன்பொருளுக்காக உபுண்டு தரும் ஹெச்டபிள்யூஇ கர்னலுக்கு மாறினால் போதும்.

கொஞ்சம் பழைய கார்டுகளுக்கு: இன்டெல் ஏஎக்ஸ்210 க்கு 5.10, மீடியாடெக் எம்டி7921 க்கு 5.12, ரியல்டெக் ஆர்டிஎல்8852பிஇ க்கு 6.2. போர்டின் பெட்டியில் "வைஃபை 6" அல்லது "வைஃபை 6ஈ" என்று மட்டும் போட்டிருந்தால் இவற்றில் எது உள்ளே இருக்கிறது என்று தெரியாது. தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் விண்டோஸ் டிரைவர் இறக்கும் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். ஸ்பெக் ஷீட்டில் மறைத்த சிப் பெயரை டிரைவர் கோப்பின் பெயரில் அவர்களே சொல்லியிருப்பார்கள். லினக்ஸ்காரர்களுக்கு விண்டோஸ் டிரைவர் பக்கத்தால் கிடைக்கும் ஒரே பலன் இதுதான்.

டிரைவர் வரி இருக்கிறது, ஆனாலும் வைஃபை இல்லையா? கர்னலின் செய்திகளைக் காட்டும் 'டிஎம்இஎஸ்ஜி' யின் வெளியீட்டில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடுங்கள். கோப்பை ஏற்ற முடியவில்லை என்று வந்தால் ஃபர்ம்வேர் தொகுப்பு பழையது அல்லது இல்லவே இல்லை. டெபியனின் பழைய இன்ஸ்டாலர்களில் இது நிரந்தரத் தலைவலியாக இருந்தது. டெபியன் 12 இலிருந்து அந்தக் கோப்புகள் இன்ஸ்டாலரோடே வருகின்றன.

விண்டோஸும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி நோய் உண்டு. நேற்று வரை இருந்த வைஃபையோ புளூடூத்தோ இன்று காணோம். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், கணினியை முழுதாக அணைக்காமல் கார்டை அரைத் தூக்கத்தில் விட்டுவிடுவதால் வருவது. விண்டோஸில் அதை அணையுங்கள். பிறகு கணினியை ஷட்டவுன் செய்து, எஸ்எம்பிஎஸ் பின்னால் உள்ள சுவிட்சை ஆஃப் செய்து, அரை நிமிடம் கழித்து ஆன் செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் போதாது.

வைஃபை இல்லாத போர்டை வாங்கி, கார்டைத் தனியாகப் போடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 என்று 1 இல் முடியும் இன்டெல் கார்டுகள் சிஎன்விஐ வகை. பாதி வேலை இன்டெல் சிப்செட்டுக்குள் நடக்கிறது. ஏஎம்டி போர்டில் அவை வெறும் அட்டை. 0 இல் முடியும் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 எங்கும் ஓடும். பிஇ200 க்கு இந்தக் கணக்கை நம்பாதீர்கள், 0 இல் முடிந்தாலும் ஏஎம்டி போர்டுகளில் அது தகராறு செய்வதாகப் பெயரெடுத்தது.

இன்னொன்று, புதிய என்விஎம்ஈ குச்சி போட்ட மறுநாள் சர்வரின் லேன் போய்விட்டது என்பார்கள். சிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. புதிய சாதனம் நுழைந்ததால் பிசிஐ எண்கள் ஒன்று நகர்ந்து, இஎன்பி4எஸ்0 என்றிருந்த இடைமுகம் இஎன்பி5எஸ்0 ஆகியிருக்கும். நிலையான ஐபி பழைய பெயரோடு கட்டப்பட்டிருக்கும். அமைப்புக் கோப்பில் பெயரை மாற்றுங்கள், அல்லது பெயருக்குப் பதிலாக மேக் முகவரியோடு (லேன் சிப்பின் மாறாத அடையாள எண்) கட்டிவிடுங்கள்.

தூங்க வைத்தால் உடனே எழுந்துகொள்கிறது

சஸ்பெண்ட் கொடுக்கிறீர்கள். திரை அணைகிறது. ஃபேன் நிற்கிறது. இரண்டு விநாடியில் எல்லாம் மறுபடி ஆன். குழந்தையைத் தொட்டிலில் போட்டதும் கண் திறப்பது போல.

யாரோ தட்டி எழுப்புகிறார்கள். யார் என்று பார்க்க, பிராக் அடைவுக்குள் ஏசிபிஐ அடைவில் வேக்அப் என்ற கோப்பை 'கேட்' கட்டளையால் படியுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரு சாதனத்தின் சுருக்கப் பெயர், எந்த அளவு தூக்கத்திலிருந்து எழுப்பும் உரிமை உண்டு, அந்த உரிமை இப்போது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது இருக்கும். பி550 போர்டுகள் சிலவற்றில் குற்றவாளி ஜிபிபி0 என்ற பெயரில் இருப்பது வழக்கம். அது ஒரு பிசிஐ பாலம். எக்ஸ்ஹெச்சி என்று தொடங்குபவை யுஎஸ்பி. மேசை அதிர்ந்து மவுஸ் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுப்புவது அவைதான்.

சந்தேகப்படும் பெயரை அதே கோப்பில் எழுதினால் உரிமை மாறும். மறுபடி எழுதினால் திரும்ப வரும். இங்கே ஒரு பொறி. 'சூடோ எக்கோ' என்று தொடங்கி, அம்புக்குறி போட்டுக் கோப்பில் எழுதப் பார்த்தால் அனுமதி இல்லை என்று வரும். சூடோவின் அதிகாரம் எக்கோவுக்கு மட்டும்தான் போகிறது, அம்புக்குறிக்குப் போகாது. எக்கோவின் வெளியீட்டைக் குழாய் வழியாக 'சூடோ டீ' (குடிக்கும் டீ இல்லை, ஆங்கிலத்தில் டி, இ, இ) க்கு அனுப்புங்கள். ஒவ்வொரு பெயராக மாற்றி, ஒவ்வொரு முறையும் தூங்க வைத்துப் பாருங்கள். ஆளைக் கண்டுபிடித்ததும், ரீபூட்டில் இந்த மாற்றம் அழிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு பூட்டிலும் தானாக ஓடும்படி சிஸ்டம்டியில் சின்ன சர்வீஸாக எழுதி வையுங்கள்.

நேர்எதிர் நோய், தூங்கினது எழவே இல்லை. சிஸ் அடைவில் பவருக்குள் மெம்_ஸ்லீப் என்ற கோப்பைப் பாருங்கள். அதில் டீப் என்ற சொல் இருந்தால் போர்டு பழைய ஆழ்ந்த தூக்கத்தை அறியும். எஸ்2ஐடில் மட்டும் இருந்தால் அரைத் தூக்கம்தான். இரண்டும் இருந்தால் சதுர அடைப்புக்குள் இருப்பது நடப்பில் உள்ளது, மற்றதை மாற்றிப் பார்க்கலாம். என்விடியா கார்டு போட்டவர்கள் போர்டின் மேல் பழி போடும் முன், கார்டைக் கழற்றிவிட்டு, சிபியூவின் கிராஃபிக்ஸில் ஒரு முறை தூங்க வைத்துப் பாருங்கள். பல நேரம் போர்டு நிரபராதி.

தூக்கம் ஸ்பெக் ஷீட்டில் எழுதாத விஷயம். வாங்கும் முன் தெரிந்துகொள்ள ஒரே வழி, அதே போர்டில் லினக்ஸ் ஓட்டுகிறவர்கள் எழுதி வைத்திருப்பதைத் தேடுவது. லினக்ஸ்-ஹார்டுவேர் என்ற தளத்தில் பலர் தங்கள் கணினியின் சாதனப் பட்டியலை ஏற்றி வைத்திருக்கிறார்கள், போர்டு பெயரைப் போட்டு அங்கே பாருங்கள். ஆர்ச் என்ற டிஸ்ட்ரோவின் விக்கியிலும் சில போர்டுகளுக்குக் குறிப்புகள் கிடைக்கும். ஆர்ச் ஓட்டாதவர்களும் அங்கேதான் போய் நிற்பார்கள்.

ஃபேன் வேகம் தெரியவில்லை

'சென்சார்ஸ்' கட்டளை சிபியூ சூட்டை மட்டும் காட்டுகிறது, ஃபேன் வரியே இல்லை. சிபியூ சூடு சிபியூவுக்குள்ளிருந்தே வருகிறது, ஏஎம்டிக்கு கே10டெம்ப், இன்டெல்லுக்குக் கோர்டெம்ப். ஃபேனை எண்ணுவது போர்டின் மூலையில் இருக்கும் சூப்பர் ஐஓ சிப். அது நுவோட்டான் வகை என்றால் என்சிடி6775 டிரைவர் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். ஐடிஇ வகை என்றால் ஐடி87. ஆனால் ஐடி8688, ஐடி8689 போன்ற சிப்புகளைக் கர்னலோடு வரும் ஐடி87 நெடுங்காலம் அறியாமல் விழித்தது. உங்கள் கர்னலிலும் அப்படி என்றால், வெளியே பராமரிக்கப்படும் ஐடி87 பதிப்பை டிகேஎம்எஸ் (கர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரை மறுபடி கட்டித் தரும் கருவி) வழியாகப் போட வேண்டும். ஆசுஸ், ஆஸ்ராக் போர்டுகளில் நுவோட்டானும், ஜிகாபைட் போர்டுகளில் ஐடிஇயும் அதிகம் காணப்படும்.

'சென்சார்ஸ்-டிடெக்ட்' ஓட்டினால் எந்த சிப் என்று சொல்லிவிடும். என் அபிப்பிராயம்: ஃபேன் வளைவைப் பயாஸில் அமைத்துவிட்டு இதை மறந்துவிடலாம். அது எந்த இயங்குதளத்திலும் ஓடும். சர்வருக்கு எச்சரிக்கை அமைப்பவர்களுக்கு மட்டும்தான் இந்த மெனக்கெடல் தேவை.

சத்தம் வரவில்லை

பத்தில் எட்டு முறை, ஒலி மானிட்டரின் ஹெச்டிஎம்ஐக்குப் போய்க்கொண்டிருக்கும். அமைப்பில் வெளியீட்டை மாற்றுங்கள். அப்படியும் இல்லை என்றால் ரியல்டெக்கின் ஆடியோ சிப் ஏஎல்சி4080 அல்லது 4082 இருக்கிறதா பாருங்கள். இவை பெயரில் பழைய குடும்பம், உள்ளே யுஎஸ்பி வழியாக ஓடுபவை. மேலே சொன்ன 'எல்எஸ்யுஎஸ்பி' யில்தான் தெரியும். முன்பக்க ஹெட்போன் துளை மட்டும் ஊமையாக இருப்பது இவற்றில் வழக்கம். ஆல்சா யுசிஎம் தொகுப்பை (லினக்ஸின் ஒலி அமைப்புக் கோப்புகள்) புதிய பதிப்புக்கு மாற்றினால் சரியாகும். ஏஎல்சி897 போன்ற பழைய வகை உள்ள மலிவு போர்டுகளில் இந்தத் தொல்லையே இல்லை.

கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தள்ளி ஓடுகிறது

போர்டு பழுது இல்லை, பேட்டரியும் தீரவில்லை. விண்டோஸ் போர்டின் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை வைக்கும், லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை வைக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் அந்த வித்தியாசம் சரியாக 5.30 மணி. விண்டோஸை மாற்ற மனமில்லை என்றால் 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையில் செட்-லோக்கல்-ஆர்டிசி என்பதை 1 ஆக்குங்கள். நேரம் 2019, 2020 என்று பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால்தான் போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியைப் பார்க்க வேண்டும்.

பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு லினக்ஸைக் காணோம்

டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது. போர்டின் நினைவிலிருந்த பூட் பட்டியல் மட்டும் அழிந்திருக்கிறது. லைவ் பென்டிரைவில் (இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ்) ஏறி, 'இஎஃப்ஐபூட்எம்ஜிஆர்' கொண்டு வரியை மறுபடி சேர்க்கலாம். சில போர்டுகள் சேர்த்த வரியையும் அடுத்த முறை மறந்துவிடும். அவற்றுக்கு, இஎஃப்ஐ பகுதியில் பூட் அடைவுக்குள் பூட்எக்ஸ்64 என்ற பொதுப் பெயரில் பூட் லோடரின் நகல் ஒன்று இருந்தால், போர்டு தானாகவே அதைத் தேடிப் பிடிக்கும்.

அதே அப்டேட் மற்ற அமைப்புகளையும் ஆரம்ப நிலைக்குத் தள்ளியிருக்கும். விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி) ஓடவில்லையா, அதற்கு வழிவிடும் எஸ்விஎம் என்ற ஏஎம்டி அமைப்பு அணைந்திருக்கிறது. ராம் மெதுவாகிவிட்டதா, பெட்டியில் போட்ட வேகத்தில் ராமை ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ போயிருக்கிறது. என்விடியா டிரைவர் திடீரென ஏறவில்லையா, செக்யூர் பூட் தானாக ஆன் ஆகி, கையொப்பமில்லாத மாட்யூலைத் தடுக்கிறது. இனி பயாஸைத் தொடும் முன் அமைப்புத் திரைகளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அவ்வப்போது ஹேங் ஆகிறது

முதலில் எக்ஸ்எம்பி, எக்ஸ்போவை அணைத்து ஒரு நாள் ஓட்டுங்கள். பிறகு மெம்டெஸ்ட்86+ ஐ ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஏஎம்5 இல் நான்கு ராம் குச்சி போட்டிருந்தால் அதுவே சந்தேகத்துக்கு இடம். ரைசன் 7000 க்கு ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு குச்சிக்கு 5200, நான்கு போட்டால் 3600 தான். பெட்டியில் 6000 என்று போட்டிருப்பதை நான்கு குச்சியில் எதிர்பார்த்தால் ஹேங்தான் மிஞ்சும். 64 ஜிபி வேண்டுமா, 32 ஆக இரண்டு வாங்குங்கள்.

சும்மா இருக்கும்போது மட்டும் ஹேங் ஆகிறது, வேலை செய்யும்போது இல்லை என்றால், முதல் தலைமுறை ரைசனாக இருந்தால் பயாஸில் பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோலை டிபிகல் கரன்ட் ஐடில் என்று மாற்றுங்கள். ஹேங் ஆன பிறகு 'ஜர்னல்சிடிஎல் -பி -1' கொடுத்தால் முந்தைய ஓட்டத்தின் லாக் கிடைக்கும், அதன் கடைசி வரிகளைப் பாருங்கள். அங்கே ஹார்டுவேர் எரர் என்று வந்தால் மென்பொருளை நோண்டுவதை விட்டுவிடலாம்.

லாக்கில் பிசிஐஇ பஸ் எரர், கரெக்டட் என்று மழை போலப் பெய்து டிஸ்க் நிறைந்துவிடுகிறதா? பூட் லோடரில் கர்னலுக்கான வரியில், மின்சேமிப்பான பிசிஐஇ_ஏஎஸ்பிஎம் என்பதை ஆஃப் செய்து பாருங்கள். பிசிஐ=நோஏஇஆர் என்று போடச் சொல்லிப் பலர் எழுதுவார்கள். அது அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்துவது. பிழை அப்படியே இருக்கும், சத்தம் மட்டும் வராது. அதைப் போடும் முன் கார்டைக் கழற்றி, ஸ்லாட்டை ஊதி, மறுபடி மாட்டிப் பாருங்கள்.

விர்ச்சுவல் மெஷினுக்கு கார்டைக் கொடுக்க முடியவில்லை

இதற்கு மட்டும் பெரும்பாலும் மருந்து இல்லை, போர்டை மாற்ற வேண்டும். சாதனத்தை விர்ச்சுவல் மெஷினுக்கு ஒதுக்க உதவும் ஐஓஎம்எம்யு (இன்டெல்லில் விடி-டி) பயாஸில் திறந்திருந்தும், ஒரே குழுவில் இருக்கும் சாதனங்களைப் பிரித்துக் கொடுக்க முடியாது. பி550 இல் சிபியூவோடு நேராகப் பேசும் முதல் ஸ்லாட் தனிக் குழுவாக இருக்கும். சிப்செட் வழியாக வரும் இரண்டாவது ஸ்லாட், லேன், சாட்டா, யுஎஸ்பி எல்லாம் ஒரே கூட்டுக் குடும்பமாக ஒரு குழுவில் இருப்பது வழக்கம். இரண்டாவது ஸ்லாட் கார்டைக் கொடுத்தால் லேனையும் சேர்த்துக் கொடுக்க வேண்டிவரும். எக்ஸ்570 இல் நன்றாகப் பிரிந்திருக்கும். ஏசிஎஸ் ஓவர்ரைடு என்ற பேட்ச் குழுக்களைப் பிரித்தது போலக் காட்டும், ஆனால் நடுவில் சுவர் எழுப்பாது. கர்னலில் அதை இன்னும் சேர்க்காததற்குக் காரணம் அதுதான். இந்த வேலைக்காகவே கணினி கட்டுகிறீர்கள் என்றால், அந்தப் போர்டின் ஐஓஎம்எம்யு குழுப் பட்டியலை யாராவது வெளியிட்டிருப்பதைப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

சென்னை ரிச்சி தெரு மாதிரி இடத்தில், கடையிலேயே அசெம்பிள் செய்து வாங்குகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நீங்கள் போடப்போகும் டிஸ்ட்ரோவின் லைவ் பென்டிரைவைப் பையில் எடுத்துப் போங்கள். பில் போடும் முன் அதில் பூட் செய்யச் சொல்லுங்கள். விண்டோஸ் வேண்டாமா சார் என்று ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை. சிப் பட்டியலை எடுத்து, லேனுக்கும் வைஃபைக்கும் கீழே டிரைவர் வரி இருக்கிறதா பாருங்கள். முன்பக்கத் துளையில் ஹெட்போனைச் சொருகுங்கள். ஒரு முறை தூங்க வைத்து எழுப்புங்கள். மொத்தம் பத்து நிமிடம். மைத்துனனின் அடுத்த கணினிக்கு நானே கூடப் போனேன். இரண்டாவதாக எடுத்துக் காட்டிய போர்டில் ஒரு குறையும் இல்லை, கடைக்காரர் மட்டும் கொஞ்சம் அலுத்துக்கொண்டார்.